அறுபத்தேழு படிப்பு முடித்த லைன்மேன்

ஒரே துறையிலிருந்து, ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று அந்தத் துறையின் மூன்றாவது மாடியில் எழுதியது, இன்னொன்று ஐந்தாவது மாடியில் எழுதியது. இரண்டு மாடிக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே வருஷக்கணக்காகிறது என்பது படித்தவுடனே விளங்கிவிட்டது.

முந்தின நாள் சாயங்காலமே கீழே பஸ் டிப்போ டிக்கெட் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். விடிகாலை ஐந்தரைக்கு மாடியறையிலிருந்த இணையப் படிப்பு மையத்தைத் திறக்க வந்த லைன் அக்கா, பதினாலு படி ஏறி, விளக்கைப் போட்டு, கம்ப்யூட்டரை உயிர்ப்பித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். முதல் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். இரண்டாவதை மூன்று தரம். பிறகு, விடிகாலைப் பாடத்துக்கு வந்திருந்த ரொட்டிக்கடைக்காரர் கையில் கொடுத்தாள்.

ரொட்டிக்கடைக்காரருக்கு எதையும் சத்தமாகத்தான் படிக்க வரும்.

"மாநிலத்தின் புதிய பொருளாதார வளர்ச்சி, இணையவழிக் கல்வி மற்றும் தகவல்தொடர்புக் கொள்கையின்படி, முப்பதுக்கும் குறைவான பதிவு மாணவர்களைக் கொண்ட மையங்கள் இந்த மாத இறுதியுடன் மூடப்படும். தங்கள் மையத்தின் பதிவு மாணவர் எண்ணிக்கை..." அங்கே நிறுத்திக் கண்ணைச் சுருக்கினார். "ஒண்ணு."

"ஒண்ணா?" என்றாள் தையல்காரம்மா. அவளுக்குப் பின்னால் பதினெட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் நாலைந்து பேர் படியேறி வந்துகொண்டிருக்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

"இருங்க, அடுத்ததைக் கேளுங்க. மாநிலத்திலேயே அதிகமா, அறுபத்தேழு இணையவழிப் படிப்புகளை முடித்த ஒரே மாணவர் என்ற பெருமைக்காக, அமைச்சர் கையால் 'வாழ்நாள் கற்பவர்' விருது வழங்கப்படும். கீழ்க்கண்ட மாணவர் குடும்பத்துடன் வரவும்."

கீழே பெயர் இருந்தது. லைன் அக்காவின் வீட்டுக்காரர் பெயர். அவர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது.

தையல்காரம்மாதான் முதலில் சிரித்தாள். ஒருத்தி சிரித்தால் போதாதா, எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. லைன் அக்காவும் சிரித்தாள், ஆனால் அவள் கை மட்டும் அந்தக் கடிதத்தை ரொட்டிக்கடைக்காரரிடமிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டது.

இந்தக் கூத்து எப்படி நடந்தது என்றால், அதற்கு இருபத்திரண்டு வருஷம் பின்னால் போகவேண்டும்.

அப்போதும் ஒரு கொள்கை வந்தது. நாற்பது பக்கப் புத்தகம், வழவழ அட்டை. ஊர்தோறும் இணையம் வரும், இணையம் வழியாகப் படிப்பு வரும், படிப்பு வழியாக வேலை வரும் என்று அம்புக்குறி போட்டுப் படம் போட்டிருந்தார்கள். டிப்போ மாடியில் பழைய பார்சல் அறையை ஒழித்து, ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். இணையத்தை மட்டும் கொண்டுவரவில்லை. அதற்கு லைன் இழுக்க வேண்டும், அதற்குக் கம்பம் நட வேண்டும், கம்பம் வேறு இலாகா.

அந்த இலாகாவில் லைன்மேனாக இருந்தவர்தான் அக்காவின் வீட்டுக்காரர். மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தால் கம்ப்யூட்டரில் எலி குடித்தனம் பண்ணும் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் டிப்போ மதிலோரம் தானே கம்பம் நட்டார். ஜன்னல் பக்கத்தில் சுவரைத் துளைத்து லைனை உள்ளே கொண்டுவந்தார். ஈரம் ஏறாமல் இருக்க மோடத்துக்கு அடியில் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். மோடத்தில் நாலு விளக்கு. இணைப்பு கிடைத்து மூன்றாவது விளக்கு பச்சையானபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, அவரே பெற்றெடுத்த மாதிரி இருந்தது. மையத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது அக்கா விண்ணப்பித்தாள், கிடைத்தது. அன்றிலிருந்து ஊருக்கே அவள் லைன் அக்கா.

பதிவு செய்யும்போதுதான் சிக்கல். விண்ணப்பத்தில் போன் நம்பர் கேட்டது. அந்த நம்பருக்கு ஒரு குறியீடு வரும், அதைத் தட்டினால்தான் கதவு திறக்கும். அப்போது யார் கையில் போன் இருந்தது? மையத்துப் போன் ஒன்றுதான். சோதனை பண்ணிப் பார்க்கலாம் என்று லைன்மேன் தன் பெயரைப் போட்டார். பெயர் நீளம். பெட்டிக்குள் முக்கால்வாசிதான் அடங்கியது, கடைசி இரண்டு எழுத்து வெளியே நின்றுவிட்டது. சரி, ஆள் உள்ளே போனால் போதும் என்று அவர் பொத்தானை அமுக்கினார். திரையில் 'வணக்கம்' என்று வந்து, அதற்குப் பக்கத்தில் அந்த முக்கால் பெயர் வந்தது.

அடுத்து ரொட்டிக்கடைக்காரர் பெயரைப் போட்டார்கள். 'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லிவிட்டது. தையல்காரம்மாவுக்கும் அதே பதில். அக்கா துறைக்குக் கடிதம் எழுதினாள். பதினோரு மாதம் கழித்து, 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அது இன்னமும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

"அதுக்கென்ன, நான் ஒருத்தன் உள்ள போயாச்சுல்ல," என்றார் லைன்மேன். "என் முதுகுக்குப் பின்னால எல்லாரும் உக்காருங்க. வாத்தியாருக்கு என்ன தெரியப் போகுது."

அப்படித்தான் ஆரம்பித்தது.

எட்டு மணிக்கு மேல் ஆபீஸ்கள் திறந்துவிட்டால் லைன் நடக்காது, தவழும். அதனால் எல்லாரும் விடிகாலையில் வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் அடுப்பில் முதல் தட்டை வைத்துவிட்டு மாவுக் கையோடு வருவார், மவுஸ் அவர் பொறுப்பு. அதில் ஒட்டிய மாவு காய்ந்து அது மூன்று வருஷத்தில் வெள்ளை மவுஸ் ஆகிவிட்டது. திரையில் வருவதை உரக்கப் படிப்பது அக்காவின் நாத்தனார், பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவள் குரலுக்கு மைக் வேண்டாம். பரீட்சை என்றால் தையல்காரம்மா எழுந்து நிற்பாள். யாருக்கு அந்தப் படிப்பு தேவையோ அவர் மட்டும்தான் பதில் சொல்லலாம், மற்றவர் வாயைத் திறந்தால் அளக்கிற குச்சியால் முட்டியில் ஒன்று விழும்.

சான்றிதழ் மட்டும் ஒவ்வொன்றும் லைன்மேன் பெயரில் வரும். சுகாதாரமான பேக்கரி முறைகளில் அவருக்கு முதல் வகுப்பு. கைக்குழந்தைப் பராமரிப்பில் முதல் வகுப்பு. பெண்கள் உடைக்கு அளவெடுத்து வெட்டுவதில் தனிச்சிறப்பு. அவர் ஒவ்வொரு தாளையும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி வருவார்.

"இன்னைலேர்ந்து எந்தக் குழந்தை அழுதாலும் எங்கிட்ட கொண்டாங்க," என்பார்.

"வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷனுக்குக் கேக்குல முதல் வகுப்பாம்," என்பாள் அக்கா. "நாளைக்கு வீட்ல ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன்."

"அது தியரி. பிராக்டிகல் தனி."

இன்னொரு வழக்கமும் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் இந்த அறையைச் சொன்னதாகாது. பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீடியோ நின்றுவிடும். டீச்சரம்மா வாயைப் பாதி திறந்து, கையைத் தூக்கியபடி அப்படியே உறைந்துபோவார். நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அதற்கு ராட்டினம் என்று பேர் வைத்திருந்தார்கள். ராட்டினம் சில நாள் கால்மணி நேரம்கூடச் சுற்றும். சும்மா எவ்வளவு நேரம் அந்தத் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருப்பது? அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். சரியாகச் சொன்னவருக்கு மறுநாள் முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி. படுதப்பாகச் சொன்னவர் எழுந்து, ஜன்னலோரம் இருக்கும் கடைசி பெஞ்சுக்குப் போகவேண்டும். அந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. நாற்பது பக்கக் கொள்கைப் புத்தகத்தை மடித்து அதற்கு முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ராட்டினம் சுற்றிய நேரத்தில் அவர்கள் அதிகம் படித்தார்கள். அடுத்து என்ன வரும் என்று சொல்ல வேண்டுமானால் இதுவரை வந்தது புரிந்திருக்க வேண்டுமே.

லைன்மேன் மட்டும் எந்தப் பாடமானாலும் ஒரே பதில்தான் சொல்வார்.

"'போய் டீ குடிச்சிட்டு வாங்க'ன்னு சொல்லப்போறாங்க."

பதினாலு வருஷத்தில் ஒருநாள்கூட எந்த டீச்சரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் பதினாலு வருஷமும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

அவர் போய் மூன்றாவது வாரம் அக்கா மறுபடி மையத்தைத் திறந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். 'வணக்கம்' என்று வந்தது, பக்கத்தில் அந்த முக்கால் பெயர். அவள் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பின்னால் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, முந்தின மாதம் விட்ட இடத்திலிருந்து வெல்டிங் பாடத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் எல்லார் கைக்கும் போன் வந்துவிட்டது. ஆளுக்கொரு நம்பர். தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளத் தடையிருக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனாலும் செய்துகொள்ளலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வணக்கத்தைத் தினம் ஒரு தரம் பார்க்கத்தான் அக்கா படியேறி வருகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஊரே இன்னும் எட்டு வருஷம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து படித்தது.

விஷயம் இவ்வளவுதான். இப்போது மூன்றாவது மாடி எண்ணிப் பார்த்திருக்கிறது.

அன்றைக்கு மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகும் நாத்தனார் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, விருதை வாங்கிட வேண்டியதுதான்."

"யாரு வாங்கறது? உங்கண்ணனா வந்து வாங்கப்போறாரு?"

"குடும்பத்தோடன்னு போட்டிருக்கில்ல. நாம போவோம். மேடையில அண்ணன் பேரைச் சொல்லுவாங்க. மைக்ல. முழுப் பேரும் சொல்லச் சொல்லலாம்."

"ஆளு எங்கன்னு கேப்பாங்க."

"உடம்பு சரியில்லன்னு சொல்லு."

"எட்டு வருஷமாவா?"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "நீ வேணா உண்மையைச் சொல்லிப் பாரு. செத்தவர் பேர்ல படிச்சீங்களான்னு கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. பேரும் போகும், ரூமும் போகும். இதுலயாவது பேரு மிஞ்சும்."

"ரூம் போனா இவங்கல்லாம் எங்க போவாங்க?"

"அதான் கையில போன் இருக்கே. கொள்கையிலயும் அதைத்தானே எழுதியிருக்கான்."

அக்கா கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். தையல்காரம்மா ஒரு தரம் லைன்மேன் கணக்கிலேயே நுழைந்து வீட்டில் போனில் படித்துப் பார்த்தாள். மூன்றாவது நாளே, வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு கூப்பிடுகிறது, மாமியார் கூப்பிடுகிறார், காய்ந்த துணிகூடக் கூப்பிடுகிறது என்று திரும்ப வந்துவிட்டாள். போன் பாடத்தைச் சொல்லும், கவனம் சிதறினால் குச்சியால் முட்டியில் தட்டாது. இதையெல்லாம் எந்த மாடிக்கு எழுதிப் போடுவது?

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு அதிகாரி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், தோளில் பை, கையில் பலகை போன்ற ஒரு கம்ப்யூட்டர். பத்து மணிக்கு அந்த அறையில் யார் இருப்பார்கள்? இருபது நாற்காலியும் காலி. அதிகாரி எண்ணிப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"மாணவர் எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்காங்க."

"அவர் ஒருத்தர்தானே? என்ன வேலை?"

அக்கா வாயைத் திறந்தாள். உடம்பு சரியில்லை என்று சொல்வது எத்தனை சுலபம், நாத்தனார் சொல்லிக்கொடுத்த சொல் நுனி நாக்கில் நின்றது. அதிகாரி அதற்குள் குனிந்து கடைசி பெஞ்சின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம துறையோட பழைய கொள்கை இல்ல?"

"ஆமாங்க. இருபத்திரண்டு வருஷமா அதுதான் தாங்குது."

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை. அக்கா அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அறுபத்தேழு தாள். அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெல்டிங், கைக்குழந்தை, தேனீ வளர்ப்பு, சைகை மொழி, செவிலியர் உதவி, கேக்.

"இவர் எங்க வீட்டுக்காரர். இதுல ஒண்ணுகூட அவர் படிக்கல. இதுல இருபத்திநாலு படிப்பு நடக்கும்போது அவர் உயிரோடயே இல்ல," என்றாள் அக்கா. "நாளைக்கு விடிகாலை அஞ்சரைக்கு வாங்க. மாணவரைக் காட்டறேன்."

அதிகாரி அன்று ஊரிலேயே தங்கினார். மறுநாள் ஐந்தரைக்கு வந்து கதவோரம் நின்றார். முப்பத்தேழு பேர். விஷயம் பரவி, அந்த வாரம் வராதவர்களும் வந்திருந்தார்கள். உட்கார இடமில்லாமல் படிக்கட்டுவரை நின்றார்கள். நாத்தனார் படித்தாள், ரொட்டிக்கடைக்காரர் மவுஸைத் தட்டினார், நடுவில் ஒருவர் பேசியதற்குத் தையல்காரம்மாவின் குச்சி போய் வந்தது. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு முக்கால்மணி நேரம் பாடம் கேட்டார்.

பாடம் முடிந்ததும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்று பேர்தான், முப்பத்தேழு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, முப்பது பேருக்கு மேலயே இருக்காங்க. இன்னைக்கே எல்லாரையும் அவங்கவங்க பேர்ல பதிஞ்சுட்டா மூட வேண்டியதில்ல. நான் அப்படியே எழுதிக்குடுக்கறேன். ஆனா ஒண்ணு. இந்த மையமே அவர் கணக்குலதான் கட்டியிருக்கு. அதை மூடினாத்தான் மத்தவங்களுக்கு இங்க இடம் திறக்கும்."

"மூடினா?"

"அவர் பேர் போயிடும். அந்தச் சான்றிதழ் எல்லாம் ரத்து. விருதும் கிடையாது."

"காலையில திரையில வணக்கம்னு வருமே..."

அதிகாரிக்கு அந்தக் கேள்வி முதலில் புரியவில்லை. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். "அதுவும் வராதும்மா," என்றார் மெதுவாக.

ரொட்டிக்கடைக்காரர் கை மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, உங்களுக்கு மனசில்லன்னா விட்ருங்க. நாங்க எப்படியாவது பாத்துக்கறோம்," என்றார்.

"எப்படிப் பாத்துப்ப? உன் கடை அடுப்புமேல உக்காந்தா?" என்றாள் அக்கா.

நாத்தனார் முன்னால் வந்தாள். அவள் சண்டைக்குத்தான் வருகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அக்காவே அப்படித்தான் நினைத்தாள்.

"அண்ணி, எனக்கு அம்பத்தஞ்சு வயசாச்சு. தேனீ வளர்த்து நான் என்ன பண்ணப்போறேன்? நானும் தினம் அதைப் பாக்கத்தான் வர்றேன். ஒன்கிட்ட சொன்னா நீ அழுவன்னு சொல்லல."

"நான் அழறதெல்லாம் நீ பாத்திருக்கியா?"

"வீட்ல அழுவ. எனக்குத் தெரியாதா." நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "எட்டு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நாங்க முப்பது பேர் உக்காந்திருக்கோம். அண்ணனாயிருந்தா இதுக்குள்ள, எழுந்திருடி, அவங்களுக்கு இடம் விடுன்னு சொல்லியிருப்பாரு. அந்தாளுக்குப் பேர் எல்லாம் எப்ப முக்கியமா இருந்துச்சு? முக்கால் பேரோடயே ஓட்டினவரு."

அக்கா திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ரொட்டிக்கடைக்காரர் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினார். அதிகாரி காட்டிய இடத்தில் அவளே தட்டினாள். 'கணக்கை மூடக் காரணம்' என்று கேட்டு நாலு வரி வந்தது. படிப்பு முடிந்தது. இடம் மாறினார். விருப்பமில்லை. மறைவு.

"படிப்பு முடிஞ்சதுன்னு போடு அண்ணி," என்று காதருகே கிசுகிசுத்தாள் நாத்தனார். "அதுவே நல்லாருக்கு."

"முடிச்சாத்தானே போடறதுக்கு. ஒண்ணையாவது உருப்படியா உக்காந்து கேட்டாரா அந்த மனுஷன்."

அவள் கடைசி வரியில் தட்டினாள். இந்த எட்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் எந்தத் தாளிலும் தன் கையால் எழுதியதில்லை, மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாள். திரை ஒரு நொடி வெள்ளையானது. முக்கால் பெயர் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

"யார் முதல்ல?" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

அன்றைக்கு எட்டரை மணிவரை பதிவு நடந்தது. பஸ்கள் கீழே புறப்பட்டுப் போய்க்கொண்டே இருந்தன, யாரும் வேலைக்குக் கிளம்பவில்லை. ரொட்டிக்கடையில் இரண்டு தட்டு கருகிவிட்டதாகக் கேள்வி. முப்பத்தெட்டாவதாக அக்கா தன் பெயரையும் போட்டாள். மையத்தைத் திறந்து மூடினாளே தவிர, இருபத்திரண்டு வருஷத்தில் அவள் மாணவியாக இருந்ததில்லை. அதிகாரி போகும்போது கோப்பைக் கையில் எடுத்து ஒரு தரம் தடவிவிட்டு, "செல்லாத தாளை எடுத்துட்டுப் போகச் சொல்லி விதி எதுவும் இல்லம்மா," என்று மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போனார். பெஞ்சுக் காலுக்கு மாற்றாக இருக்கட்டும் என்று பையிலிருந்து புதிய கொள்கைப் புத்தகம் ஒன்றையும் கொடுத்தார். நூற்றுப்பன்னிரண்டு பக்கம், அதை வைத்தால் பெஞ்சு மறுபக்கம் சாயும் என்று அக்கா வாங்கி அலமாரியில் வைத்தாள்.

விருது வேறொரு ஊர்க்காரருக்குப் போயிற்று. பத்தொன்பது படிப்பு முடித்தவர்.

"பத்தொம்பதுக்கெல்லாமா விருது?" என்றாள் நாத்தனார். அதை அவள் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடிகாலை அக்கா கம்ப்யூட்டரைப் போட்டாள். வணக்கம் என்று வந்தது, பக்கத்தில் அவள் பெயர். முழுப் பெயர். யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. அவள் விளக்கு நாலும் எரிகிறதா என்று மோடத்தைப் பார்த்தாள், பிஸ்கட் டின்னைத் துடைத்தாள், போய் முன்வரிசையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

தையல்காரம்மாவுக்குத் தேவையான பாடம், தோல் பைகள் தைப்பது. ஆளுக்கொரு பேர் கிடைத்த பெருமையில் முப்பத்தேழு பேரும் தங்கள் தங்கள் போனிலும் அதே பாடத்தைத் திறந்தார்கள். தனியாகப் படிக்க அல்ல, தங்கள் பெயர் வருகிறதா என்று பார்க்க. எல்லாம் அந்த ஒரே லைன். டீச்சரம்மா ஊசியைக் கையில் எடுத்தார், "இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது" என்றார், வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டார்.

நடுவில் ராட்டினம் சுற்றியது.

ராட்டினத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. லைன்மேன் போன பிறகு துறை லைனைப் பலப்படுத்தியதிலிருந்து அது வந்ததே இல்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஊசியில மெழுகு தடவச் சொல்லப்போறாங்க," என்றார்.

"இல்ல, தோலை ஊற வைக்கணும்."

"தோலை ஏன்யா ஊற வைக்கணும், அது என்ன பருப்பா? ஓட்டை மொதல்ல போடணும். இடைவெளி அளந்து," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"நீ ரொட்டியில ஓட்டை போடு போ," என்றாள் தையல்காரம்மா.

நாத்தனார் அக்காவைப் பார்த்தாள். அக்கா இதுவரை ஒரு பந்தயத்திலும் வாய் திறந்ததில்லை, மையப் பொறுப்பாளர் கலந்துகொள்ளக் கூடாது என்று அவளே ஒரு விதி வைத்திருந்தாள். இப்போது அவளும் மாணவி.

"போய் டீ குடிச்சிட்டு வாங்கன்னு சொல்லப்போறாங்க," என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. ராட்டினம் இன்னும் நாலு சுற்று சுற்றியது. டீச்சரம்மாவின் வாய் அசைந்தது.

"தைக்கும் முன் ஓட்டைகளின் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்."

"போச்சு," என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ரொட்டிக்கு மெத்தை நாற்காலி. அண்ணி, எழுந்திரு. விதின்னா விதி."

அக்கா எழுந்தாள். கால்களுக்கும் பைகளுக்கும் நடுவில் வழி கேட்டுக் கேட்டுப் போய், ஜன்னலோரத்துக் குட்டைக்கால் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த பெஞ்சைத் தினம் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்தது அன்றுதான். அங்கிருந்து திரை சரியாகத் தெரியவில்லை. ஜன்னல்தான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், டிப்போ மதிலோரம் அவர் நட்ட கம்பமும், அதிலிருந்து நேராகத் தன் தலைக்கு மேலே உள்ளே வரும் லைனும் உச்சிமுதல் அடிவரை தெரிந்தன.

பதினாலு வருஷம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறார் மனுஷர்.

"அக்கா, அங்கேர்ந்து பாடம் தெரியுதா?" என்று முன்னாலிருந்து கேட்டார் ரொட்டிக்கடைக்காரர்.

"நல்லாத் தெரியுது, நீ நடத்து," என்றாள் அக்கா.